மூன்றாவது முறை திரும்பி வராத டிரெய்லர்

2014 மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட், நம் ஊர்க் கணக்கில் ஐந்து டிகிரி. மழை என்று சொல்ல முடியாது. கார் கண்ணாடியில் வைப்பரை ஒரு தடவை போட்டால் சரியாக இருக்கும், இரண்டாவது தடவை போட்டால் கீச்சிடும், அவ்வளவு ஈரம்தான். செந்தில் வீட்டு டிரைவ்வேயில் நின்றிருந்த இருபத்தாறு அடி டிரெய்லருக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, உடனே இறங்காமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த டிரெய்லர் எங்கள் பட்டறைக்கு ஏற்கனவே இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. இரண்டு முறையும் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அந்தக் காலத்துக்குள் ஒரே வண்டி ஒரே புகாரோடு மூன்றாவது முறை வந்தால் பார்த்தவனை அனுப்பிவிடுவது முதலாளியின் வழக்கம். எனக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்து கிடைத்த வேலை. வீட்டுக் கடனில் பதினோரு வருடம் பாக்கி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் நம் தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய டிரெய்லரைப் பார்க்கக் கூப்பிட்டார். போனதும் பழக்கத்தில் முன்பக்கம் குனிந்து கேஸ் சிலிண்டரைத் தேடினேன். அங்கே சைக்கிள் மாட்டும் கம்பி இருந்தது. "கேஸே கிடையாது அங்கிள். இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே சோலார், கீழே பெரிய பேட்டரி" என்றார். நான் நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஆண்டு மலர்க் குழுவினர் சிரித்துவிட்டு, "அப்போ உங்க கேஸ் கதையெல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். பக்கங்கள் நான்குக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். போகாது என்று நினைக்கிறேன்.

டிரெய்லர் என்றால் தெரியாதவர்களுக்கு: காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர், குளிருக்கு ஹீட்டர் எல்லாம் உள்ளே உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் இந்த நான்குமே முன்பக்கத்தில் நிற்கும் இரண்டு புரொப்பேன் சிலிண்டரை நம்பித்தான் இருந்தன; ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். சிலிண்டரில் தகராறு என்றால் நான்கும் படுத்துவிடும். ஒன்று மட்டும் படுத்தால் அதில் மட்டும் கோளாறு. இந்த ஒரு கணக்கை வைத்தே பதினோரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

என் பூர்வ கதை சுருக்கம். திருச்சியில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங். அமெரிக்கா வந்து முதலில் பிளெய்ன்ஸ்பரோவில் ஆறு வருடம், ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் பன்னிரண்டு வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிட மீட்டிங்கில் எங்கள் பிரிவையே மூடினார்கள். இருநூற்று மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இருநூற்று நான்காவது, நெடுஞ்சாலை ஓரத்தில் டிரெய்லர் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடை. ஒன்பது வாரம் பயிற்சி, ஒரு பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எந்த நான்கு போயிற்று என்று இன்றும் தெரியாது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் வெய்ன். ஆறடி நாலங்குலம், வெள்ளைத் தாடி, பேச்சு மிகக் குறைவு. வண்டிக்கு அருகே போவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டுவார். பையில் இருப்பதையெல்லாம் அதில் போட வேண்டும்: போன், சாவி, லைட்டர். முதல் நாள் என் மனைவி கமலா, புது வேலையாயிற்றே என்று, டூல் பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் அனுப்பியிருந்தாள். மீதிக் கற்பூரமும் தீப்பெட்டியும் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டன. தட்டில் வைத்தேன்.

"இது என்ன?" என்றார் வெய்ன், கற்பூரக் கட்டியை விரலால் தொட்டு.

"சாமிக்கு ஏற்றுவது."

"எரியுமா?"

"நன்றாக எரியும்."

அவர் கற்பூரத்தைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருபத்தெட்டு வருடமாக இந்தத் தட்டை நீட்டுகிறேன். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்த முதல் ஆள் நீதான்" என்றார்.

அவருடைய முறை ஒன்றுதான். எந்தச் சாமான் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னாலும் அங்கே தொடங்கக் கூடாது. சிலிண்டரில் தொடங்கி வாயு போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். அடுப்பின் ஒரு பர்னரைக் கழற்றி அந்த முனையில் ரப்பர் குழாயை மாட்டி, யு வடிவத்தில் வளைத்த, நிறம் கலந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குழாயோடு இணைப்பார். வாயுவின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளும். பதினோரு அங்குலம் தள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, அழுத்தத்தை எட்டு அங்குலத்துக்கு இறக்கி, மூன்று நிமிடம் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் இறங்கினாலும் எங்கோ கசிவு. கடையில் டிஜிட்டல் மீட்டர் இருந்தது. வெய்ன் அதை எனக்குத் தரவில்லை. மீட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு ஆட்கள் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்களாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முடிந்ததும் ஒரே வார்த்தை: "அகெய்ன்." முதல் வாரம் நாற்பத்தோரு முறை செய்தேன்.

மூக்கை நம்பாதே என்பது அவருடைய இன்னொரு பேச்சு. அப்போது அது எனக்குச் சற்று மிகையாகப் பட்டது. பின்னாளில் பக்கத்து ஊரான சீடர் பார்க்கில் ஒரு நம்மூர்க் குடும்பம், டிரெய்லருக்குள் கேஸ் நாற்றம் என்று பதறிக் கூப்பிட்டார்கள். இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை தடவி ஒரு மணி நாற்பது நிமிடம் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில் அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தால், மூடி சரியாக மூடாத பெருங்காய டப்பா. அந்த வீட்டு அம்மாள் என்னைவிட அதிகம் சிரித்தார். ஆனாலும் தண்ணீர்க் குழாயை மாட்டி மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

செந்தில் விஷயத்துக்கு வருகிறேன். செந்தில் கோபிசெட்டிபாளையத்துப் பிள்ளை, சாஃப்ட்வேர் வேலை. அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களை மேற்கு டெக்சஸில் ஒரு மலைப் பூங்காவுக்கு ஒரு வாரம் கூட்டிப்போக வேண்டும் என்றே டிரெய்லர் வாங்கினார். மார்ச் பதினைந்தாம் தேதி கிளம்ப ஏற்பாடு. அது முடிந்து நான்காம் நாள் பெரியவர்களுக்கு ஊருக்கு விமானம். பழகட்டுமே என்று வீட்டு டிரைவ்வேயில் டிரெய்லரை நிறுத்தி, அதிலேயே அவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தார்.

புகார் இதுதான்: ராத்திரி ஹீட்டர் நின்றுவிடுகிறது, காலையில் அடுப்பு மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரம் பட்டறைக்கு இழுத்துவந்தார். எங்களிடம் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. அழுத்தம் பதினொன்று. சும்மா அனுப்ப மனமில்லாமல் ரெகுலேட்டரை மாற்றினேன். ஒன்பது நாளில் மறுபடியும் வந்தார். மறுபடியும் எல்லாம் ஒழுங்கு. சிலிண்டரிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் மாற்றினேன். மார்ச் ஆறாம் தேதி போன் வந்தது.

"அங்கிள், மறுபடியும் அதே problem. Monday கொண்டு வரேன். இந்தத் தடவை சரியாகலைன்னா return பண்ணிடறேன். நீங்க தப்பா நினைக்காதீங்க."

"திங்கட்கிழமை வேண்டாம்ப்பா. சனிக்கிழமை காலையில நானே வரேன். நான் வர்ற வரைக்கும் எதையும் சரி பண்ணாதே. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

வெய்னிடம் தண்ணீர்க் குழாயை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "இங்கே வந்து சேர்வதற்குள் அது திருந்திவிடுகிறது. காலையில் முதலில் எரியும் தீயைப் பார்" என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு அங்கே நின்றேன். டிரெய்லர் கதவைத் தட்டினேன். திறந்தவர் செந்திலின் அம்மா சரஸ்வதி. புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர்.

"வாங்க தம்பி, வாங்க. உள்ள வந்துருங்க, வெளிய ஊதக்காத்து. உள்ளயும் அதேதானுங்க."

உள்ளே செந்திலின் அப்பா மங்கி கேப்பும் கம்பளியுமாக, முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த தெர்மாமீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது. அடுப்பில் பால் பாத்திரம். அதன் கீழே நீல நிறத்தில் ஒரு தீ; தீ என்று சொல்வதே அதிகம்.

"அஞ்சரைக்கு வெச்ச பாலுங்க. இன்னும் ஆவியே வரல. எங்க எருமை கறக்கறதுக்குள்ள காப்பி குடிச்சு முடிச்சிருப்பம்" என்றார் அம்மா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏறக்குறைய நான்கு வாரமாகத் தேடிய கோளாறு கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. "அம்மா, அடுப்பைக் கொஞ்சம் அணைக்கணும்" என்றேன்.

"பாதிக் காப்பிக்குக்கூட வழியில்லாம பண்றீங்களே" என்று சொல்லிக்கொண்டே அணைத்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து செந்திலும் அவர் மனைவி ரம்யாவும் வந்துவிட்டார்கள். பர்னரைக் கழற்றிக் குழாயை மாட்டி, அடுத்த பர்னரை ஏற்றினேன். பதினொன்று இருக்க வேண்டிய தண்ணீர் மூன்றில் நின்றது. வெளியே போய்ச் சிலிண்டரை மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தேன். உள்ளே வந்து பார்த்தால் பதினொன்று. பர்னர் சீறிக்கொண்டு எரிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிலிண்டர் வால்வுக்குள் பாதுகாப்புக்காக ஒரு சின்ன அடைப்பான் உண்டு. வாயு திடீரெனப் பீறிட்டுப் போனால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வழியை முக்கால்வாசி அடைத்துவிடும். குழாய் காலியாக இருக்கும்போது வால்வை ஒரே திருகாகத் திறந்தால் இது நடக்கும். வால்வை மூடி, மெதுவாகத் திறந்தால் விலகிவிடும். பட்டறையில் நாங்கள் எப்போதும் மெதுவாகத்தான் திறப்போம். அதனால் எங்களிடம் அது வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தது. ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. இன்று காலை இந்த வால்வை யாரோ மூடித் திறந்திருக்கிறார்கள். யார்?

"செந்தில், நீ இந்த வால்வைத் தொட்டியா?"

"இல்லவே இல்லை அங்கிள். நீங்கதானே சொன்னீங்க, எதையும் touch பண்ணாதேன்னு."

"ராத்திரி?"

"ராத்திரி எதுக்குத் தொடறேன்? Heater ஓடணுமே."

ரம்யா, "நான் அந்தப் பக்கமே போகலை அங்கிள். எனக்குக் கேஸ்னாலே பயம்" என்றாள்.

அப்பாவைப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"அம்மா, நீங்க?"

"நானா? நான் எதையுங் கெடுக்கலீங்களே!" அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "வாங்கி ரெண்டு மாசமாகல. அதுல நான் போயி கைவெப்பனா?"

"யாராவது பண்ணியிருக்கணும் இல்ல? தானாவா மூடிக்கும்?" என்று செந்தில் குரலை உயர்த்தினார். "எத்தனை தடவை shopக்கு இழுத்துட்டுப் போறது? ஒவ்வொரு தடவையும் half day leave!"

"ஏண்டா காலங்காத்தால கத்தற?" என்று கம்பளிக்குள்ளிருந்து அப்பா பேசினார்.

காரணம் தெரிந்தும் ஆள் தெரியாவிட்டால் நாளைக் காலையும் இதேதான்; திங்கட்கிழமை டிரெய்லர் பட்டறை வாசலில் நிற்கும். அப்போதுதான் கமலாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது கரண்ட் அடுப்பு. இருந்தாலும் பதினெட்டு வருடமாக, விளக்கை அணைப்பதற்கு முன், "எல்லாம் மூடியாச்சா?" என்று கேட்காமல் அவள் படுத்ததில்லை.

"அம்மா, ஊர்ல ராத்திரி படுக்கப் போறப்ப சிலிண்டரை யார் மூடுவாங்க?"

"நாந்தாங்க. நானில்லாம வேற யாரு? இவருக்கு ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது."

"இங்கே?"

"இங்கயும் நாந்தானுங்க. சாப்பிட்டு ஏனம் கழுவி வெச்சுட்டு, ஒம்பதரைக்குப் போயி மூடிருவன். காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு, காப்பி வெக்க ஒரே திருகா தெறந்துருவன், குளுருல நிக்க முடியாதுங்க பாருங்க." சொல்லிவிட்டு எங்கள் நான்கு பேர் முகத்தையும் பார்த்தார். "கேஸை மூடாம யாராச்சும் படுப்பாங்களா?"

முதலில் சிரித்தது ரம்யா. "அத்தை, எங்கம்மா இங்க வந்தப்போ வீட்டுக்கு வெளியே gas meterகிட்டப் போய், இதுல மூடற இடம் எங்கடின்னு தேடினாங்க" என்றாள். அப்பா கம்பளி குலுங்கச் சிரித்தார். செந்தில் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மா! Heater கேஸ்லதாம்மா ஓடுது! நீ மூடிட்டா அது எப்படி எரியும்?"

நம் ஊரில் கேஸ் என்றால் அடுப்பு மட்டும்தான். ஹீட்டர் கேஸில் எரியும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கேஸ் தீர்ந்த பின்னும் ஹீட்டரின் காற்றாடி சிறிது நேரம் சுற்றும். அது கரண்டில் ஓடுகிறது என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை. இதைப் பொறுமையாக விளக்கினேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் ஹீட்டரும் குழாயில் இருந்த மிச்ச வாயுவை உறிஞ்சிவிடுகின்றன, காலையில் காலிக் குழாயில் வாயு பீறிடுகிறது என்று படம் போட்டும் காட்டினேன். விளக்கியிருக்கவே கூடாது.

"ஹீட்டர் எங்க இருக்குதுங்க?"

"இந்தக் கட்டிலுக்குக் கீழே."

"நாங்க படுக்கற கட்டிலுக்கா?" அம்மா எழுந்து நின்றுவிட்டார். "தீ எரியறதுக்கு மேலயா இத்தன நாளா படுத்திருந்தம்? ஏனுங்க, எந்திரிங்க நீங்க மொதல்ல!"

அப்பா எழுந்துவிட்டார்.

"அம்மா, அது safe. இங்க எல்லாருமே..." என்று தொடங்கினார் செந்தில்.

"நீங்க போயிட்டு வாங்க கண்ணு. நானும் அப்பாவும் வீட்டுலயே இருந்துக்கறம். போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுங்க, போதும்."

"உங்களுக்காகத்தானேம்மா வாங்கினேன்!"

தரைக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த கேஸ் அலாரத்தைக் காட்டினேன். புரொப்பேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும், அதனால்தான் அங்கே வைத்திருக்கிறார்கள் என்றேன். அம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாம தூங்கிட்டா அது முழிச்சிருக்குமுங்களா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. மகனுக்காக மூடமாட்டேன் என்று சத்தியமே செய்தாலும், மலைப் பூங்காவில் முதல் ராத்திரி தாக்குப்பிடிப்பார், இரண்டாவது ராத்திரி எல்லாரும் தூங்கிய பின் போய் மூடிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு வாரத்தில் விட வைக்க என்னால் முடியாது. கமலாவிடமே முடியவில்லை.

அவரை மாற்ற முடியாதென்றால் மற்றதை மாற்ற வேண்டியதுதான்.

"செந்தில், அந்தப் பூங்காவில நீங்க நிற்கிற இடத்துல கரண்ட் உண்டா?"

"உண்டு அங்கிள். Thirty amp."

"இங்கே ஏன் பிளக் போடலை?"

"கேஸ்தான் full-ஆ இருக்கே, எதுக்கு wire இழுக்கணும்னு..."

"இழு."

ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். பிளக் போட்டால் தானே கரண்டுக்கு மாறிவிடும். வெந்நீர் ராத்திரி யாருக்கும் வேண்டாம். மீதி ஹீட்டர் ஒன்றுதான். அதற்குப் பதிலாக ஒரு சின்ன கரண்ட் ஹீட்டரைத் தரையில், துணி எதுவும் படாத இடத்தில் வைத்தால் ராத்திரி முழுக்கக் கேஸுக்கு வேலையே இல்லை. அம்மா நிம்மதியாக மூடிக்கொள்ளலாம்.

"அப்ப நான் மூடலாமுங்களா?" என்றார் அம்மா.

"நீங்கதான் மூடணும். வண்டி ஓடும்போதும் மூடியிருக்கணும். இனிமே அந்த வால்வு உங்க பொறுப்பு, வேற யாரும் தொடக் கூடாது. ஆனா திறக்கும்போது மெதுவா. ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்ணிக்கிட்டே திறக்கணும்."

"எண்ணிட்டெல்லாம் என்னால முடியாதுங்க. 'முருகா, முருகா'ன்னு சொல்லிட்டே தெறந்துக்கறன்."

வெளியே வந்து செய்து காட்டினார். பதினொரு முருகா, பதினெட்டு விநாடி. உள்ளே தண்ணீர் பதினொன்றில் நின்றது. நான் வெய்னைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றேன். மறுபடியும் பதினொன்று. பால் நான்கு நிமிடத்தில் பொங்கி வந்தது. காப்பி குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம், நான் சொல்லவில்லை.

செந்தில் போனை எடுத்து, "Heater இப்பவே order பண்ணிடறேன் அங்கிள். Wednesday வந்துடும்" என்றார்.

புதன்கிழமையா? சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நான்கு ராத்திரி இடையில் கிடந்தன. குளிரில் இன்னொரு ராத்திரி நடுங்கினால் அம்மா வீட்டுக்குள் போய்விடுவார், செந்தில் வெறுத்துப்போய் டிரெய்லரைத் திருப்பி இழுத்துக்கொண்டு வருவார், முதலாளி என்னைக் கூப்பிடுவார். பார்சல் தாமதமானால்? தப்பான முகவரிக்குப் போனால்? "பத்து நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பத்து நிமிடம் போதவில்லை, முப்பத்தைந்து ஆயிற்று. கடையில் மூன்று வகை இருந்தன. சாய்ந்தால் தானே அணைந்துவிடும் வகையாகப் பார்த்து எடுத்துவந்து, நானே பிளக் போட்டு, ஃபிரிட்ஜும் ஓடுகிறதே என்று குறைந்த சூட்டில் வைத்து, பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் உள்ளே அறுபத்தேழு. அப்பா மங்கி கேப்பைக் கழற்றினார். அப்போதுதான் அவருக்கு முடி இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். "நல்லாத் தூங்குனமுங்க. மூடிட்டுத்தான் படுத்தன். முருகான்னுதான் தெறந்தன். காப்பி ஆச்சு. நீங்க குடிச்சாச்சுங்களா?"

திங்கட்கிழமை வெய்னிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு தோள்கள் மட்டும் குலுங்கின. அவர் சிரிப்பு அப்படித்தான், சத்தம் வராது. அன்று மாலையே, வண்டியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்தார்: "உங்கள் வீட்டில் ராத்திரி கேஸை யார் மூடுவார்கள்?" மற்ற மெக்கானிக்குகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த மாதமே கான்சாஸிலிருந்து வந்த ஒரு தாத்தா, "நான்தான், ஐம்பது வருடமாக" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கும் இதே கோளாறு. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

செந்தில் குடும்பம் பதினைந்தாம் தேதி கிளம்பியது. டிரெய்லர் திரும்பி வரவில்லை. அதாவது பூங்காவிலிருந்து வீட்டுக்கு வந்தது, பட்டறைக்கு வரவில்லை. ஏப்ரலில் என் வேலை நிரந்தரமானது. அங்கேயே பதினோரு வருடம் இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டுக் கடனும் போன வருடத்தோடு முடிந்தது.

ஹீட்டருக்குச் செந்தில் இரண்டு தடவை பணம் கொடுக்க வந்தார். வாங்க மறுத்துவிட்டேன். அவர் பெருந்தன்மை என்று நினைத்திருக்கலாம். உண்மையில் அந்த நான்கு ராத்திரிகளை என்னால் தாங்க முடியாது என்றுதான் கடைக்கு ஓடினேன். அதற்கு அவர் எதற்குப் பணம் தர வேண்டும்? ஹீட்டர் முப்பத்து நான்கு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட், வரி இரண்டு டாலர் எண்பத்தொன்பது சென்ட். ஆக, அந்த வேலை எனக்கு நிலைத்ததற்கு என் கையிலிருந்து போனது மொத்தம் முப்பத்தேழு டாலர் எண்பத்தெட்டு சென்ட்.